மொட்டை மாடியில் பழகிய பூட்ஸ்

என் கயல் அப்பாவுக்கு,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பட்டறைக்குச் சாப்பாடு கொடுத்துவிடும்போது தூக்குவாளி மேல் "ரசம் தனியாக இருக்கிறது" என்று துண்டுத் தாளில் எழுதி வைத்ததைத் தவிர, இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எதுவும் எழுதியதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எதிரில் நீங்கள் இல்லை. இங்கே நடப்பதை உங்களிடம் வேறு எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று உங்களுக்கு முதல் வருஷத் திதி கொடுத்தோம். தேவாரத்திலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார். கயல் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறாள். உங்கள் மலையேற்றக் கூட்டாளி முருகேசன் அண்ணனும் அவர் வீட்டுக்கார அம்மா ராணியும் விடிவதற்குள் வந்து, இலை அறுப்பதிலிருந்து அண்டா கழுவுவது வரை கூடவே இருந்தார்கள். பூசணிக்காய்க் கூட்டில் உப்பு தூக்கலாகிவிட்டது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வருஷம் திரும்பிவிட்டது, இனிமேல் நான் மலை ஏறலாம். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்பார்களே, அந்தக் கட்டுப்பாடு மலைக்கோயிலுக்குத்தான். உங்கள் அக்கா அதை எல்லா மலைக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார். நானும் மறுத்துப் பேசவில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் எதிரே மேகமலை நிற்கும். நீங்கள் எந்தப் பக்கமாக ஏறுவீர்கள், எங்கே போய் மறைவீர்கள் என்று யோசித்துக்கொண்டே கிளிப் மாட்டுவேன்.

நாம் இருவரும் போவதாக இருந்தோமே, அந்த நாலு நாள் நடைக்கு நான் போவதா வேண்டாமா என்பதுதான் கயல் வந்ததிலிருந்து இந்த வீட்டில் பேச்சு. முருகேசன் அண்ணன் வனத்துறையில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ராணியும் வருகிறாள். நான் பூட்ஸும் வாங்கிவிட்டேன். ஆமாம், தோல் பூட்ஸ். கண்ணை அகல விரிக்காதீர்கள், முழுக்கச் சொல்கிறேன்.

உங்கள் முதல் பூட்ஸ் என்ன கதிக்கு ஆளானது என்று நினைவிருக்கிறதா? மூன்று நாள் மழையில் நடந்து சொதசொதவென்று நனைந்து போய், எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தீர்கள். அந்த ஸ்டோரில் காற்றாடி மோட்டாருக்குக் காயில் கட்டியதே நீங்கள்தான் என்கிற மிதப்பு. "நம்ம கை வச்ச மெஷினு, நம்ம பூட்ஸ என்ன செஞ்சிரும்?" என்று முருகேசன் அண்ணனிடம் கேட்டீர்களாமே. காலையில் எடுத்துப் பார்த்தால் ஸ்டோர் சூட்டில் தோல் கருவாடாகச் சுருண்டு, அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறது. செருப்பைக் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டு மலை இறங்கி வந்தீர்கள். வீட்டில் அந்தப் பூட்ஸை முகர்ந்து பார்த்து, "பாயசம் மாதிரி மணக்குதுப்பா" என்றாள் கயல். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நீங்கள் கோபித்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் பூட்ஸ் பைத்தியம் முற்றியது. இரண்டாவது பூட்ஸுக்கு நீங்கள் அலைந்த அலைச்சலில் கயலுக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கலாம். மதுரைக்குப் போவதும், தேனிக்குப் போவதும், வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தோலைப் பற்றிப் பேசுவதும். நான் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டே ஊம் கொட்டுவேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஒருநாள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு ஜோடியை வீட்டுக்கே எடுத்து வந்து என் மடியில் வைத்தீர்கள். "இந்தா, தையக்காரி நீ சொல்லு. இது நிக்குமா?" என்றீர்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் அழகுக்காக நாலைந்து துண்டுத் தோலை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். "ஒட்டு எங்கன இருக்கோ அங்கனதான் மொதல்ல விடும். ஒரே தோல்ல வெட்டுனதாப் பாருங்க" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். கடைசியில் நீங்கள் வாங்கிய பூட்ஸில் குதிகாலைத் தவிர வேறெங்கும் ஒட்டு இல்லை. முருகேசன் அண்ணனிடம் அதை உங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது.

புதுத்தோல் பலகையாக இருக்கும், காலுக்குப் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோனால் கால் புண்ணாகிவிடும், அதனால் முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை. சாமி படம் மாட்டியிருக்கிற வீட்டுக்குள் தோல் செருப்போடு நடப்பார்களா? பாவம், பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படியேறி, மொட்டை மாடியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு நடந்தீர்கள். விடிவதற்கு முன்னால், முதுகுப் பையில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு, டக் டக் என்று எங்கள் தலைக்கு மேலே. கயல் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "யப்பா, இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விடுப்பா" என்று கத்துவாள். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்து பால் காய்ச்சுவேன். எனக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை.

அப்புறம் வயிற்றுவலி என்றீர்கள். நான் சோடாவும் இஞ்சிச்சாறும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது, அவர் சொன்னதில் பாதி என் தலைக்குள் போகவே இல்லை. மலை நடந்து நடந்து காய்ப்பேறிய உங்கள் பாதம், படுக்கையில் கிடந்ததில் உரிந்து உரிந்து மெத்தென்று ஆகிவிட்டது. தைலம் தேய்க்கும்போது அது உங்கள் கால் என்றே என் கைக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

அந்தப் படுக்கையில் இருந்துகொண்டும் உங்களுக்குப் பூட்ஸ் பேச்சுதான்.

"முருகேசா, இவளுக்கு ஒரு பூட்ஸ் வாங்கணும்டா. பழக்க நாளாகும். இப்பவே வாங்குனாத்தான் காலுக்குப் பதமா வரும்."

"மொதல்ல நீ எந்திரிச்சு வா. சேந்து போயி வாங்குவோம்."

"வந்துருவேன். நான் வர்றதுக்குள்ள எதையாச்சும் வாங்கி அவ தலையில கட்டிராதடா."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்குப் பூட்ஸ், பேசாமல் படுங்கள் என்றேன். நீங்கள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அளவு எடுத்தீர்களா?

உங்களைக் கூடத்தில் கிடத்தியதும், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். எல்லோருக்கும் செய்வதுதான், எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். "அவுத்து விடுங்க, அவருக்கு இறுக்கிக் கட்டுனா பிடிக்காது" என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. ராணிதான் பிறகு சொன்னாள்.

காரியம் முடிந்ததும் உங்கள் அக்கா வந்து, "செருப்பு, துணிமணியெல்லாம் ஆத்தோட விட்டுரணும்த்தா. மாடியில கெடக்குற பூட்ஸையும் எடு" என்றார். வேட்டி சட்டையைக் கொடுத்தேன். செருப்பைக் கொடுத்தேன். பூட்ஸை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, காணவில்லை என்று சொல்லிவிட்டேன். கடைசி மழை நடைக்குப் பிறகு நீங்கள் கசக்கித் திணித்த பேப்பர் அதற்குள் அப்படியே இருக்கிறது. ஏலக்காய் ஸ்டோரில் பாடம் படித்த பிறகு, நனைந்த பூட்ஸை நிழலில்தான் காயவைப்பீர்கள். அந்தப் பேப்பரை நான் எடுக்கவில்லை. உங்கள் கை கசக்கிய கசங்கல் அது, பிரித்தால் போய்விடும்.

ஒருநாள் துணி எடுக்கப் போனவள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் பூட்ஸுக்குள் காலை விட்டுப் பார்த்தேன். பெரியது என்பது தெரிந்ததுதான். ஆனால் உள்ளே உங்கள் விரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி விழுந்திருந்தது. என் கால் அதில் எங்கேயும் உட்காரவில்லை. அன்றைக்கு அங்கேயே வெயில் இறங்குகிறவரை இருந்தேன். எழுந்து வரும்போது எனக்கென்று ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மலை ஏறத்தானே ஒரு வருஷம் கூடாது? மாடி ஏறக் கூடாது என்று உங்கள் அக்கா சொல்லவில்லையே.

தேனிக்குத் தனியாகத்தான் போனேன். சாயங்காலமாகப் போனேன், ஏனென்றால் பூட்ஸ் வாங்கும்போது கால் வீங்கியிருக்க வேண்டும் என்பீர்கள். பகலெல்லாம் மிஷினை மிதித்த கால், வீக்கத்துக்குக் குறைவில்லை. உங்கள் கனத்த சாக்ஸ் ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"ஆருக்குக்கா, பையனுக்கா?" என்றான் கடைக்காரத் தம்பி.

"எனக்குத்தான்."

ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து நீட்டினான். "வாக்கிங் போறதுக்குன்னா இதப் போடுங்கக்கா. தூக்குனா வெயிட்டே தெரியாது."

"மலையில மூட்டையத் தூக்கிட்டு நாலு நாள் நடக்கணும் தம்பி. கல்லு பட்டா இது கிழிஞ்சிரும். தோல் பூட்ஸ் எடுங்க, கணுக்கால மூடுறாப்புல."

"அதுல லேடீஸ் வராதுக்கா."

"ஆம்பளைகளுக்கு உள்ளதுல ஆகச் சின்னத எடுங்க."

முதலில் வந்தது பார்க்க அழகு. கட்டைவிரலால் அழுத்தினேன், தோலில் ஒரு சுருக்கம் விழவில்லை. மேலே பெயிண்டைப் பூசி மறைத்த தோல், மடிகிற இடத்தில் வெடிக்கும் என்று நீங்கள் சொன்னது தானாக ஞாபகம் வந்தது. அடுத்ததில், கயிறு கட்டுகிற இடத்துக்கு அடியில் வரும் நாக்குப் பகுதி தனியாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்காவிட்டால் தண்ணீரும் அட்டைப்பூச்சியும் நேராக உள்ளே போகும். இன்னொன்று எல்லாம் சரி, அடியை மட்டும் வெறும் பசையால் ஒட்டியிருந்தார்கள். தைத்த அடி வேண்டும் என்றேன், தேய்ந்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் அல்லவா. அந்தத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், அடுக்கில் அடியில் கிடந்த ஒரு பெட்டியை ஊதித் தூசி தட்டிக் கொண்டு வந்தான். ஒரே தோல். அழுத்தினால் மெல்லிய கோடுகள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தன.

கடை வாசலில் பைக் ஏற்றுவதற்காகச் சிமெண்டுச் சரிவு ஒன்று இருந்தது. ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினேன், இறங்கினேன். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வாயில் வைத்தபடியே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஏறும்போது குதிகால் எழும்பவில்லை. இறங்கும்போது விரல் நுனி முன்னால் போய் இடிக்கவில்லை. திரும்பி, "இடிக்கலைங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, விரல் இடிக்கிறதா என்று கேட்க நீங்கள் அங்கே இல்லை. கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தத் தம்பி பயந்துபோய், "விலையக் குறைச்சுத் தாரேங்க்கா" என்றான்.

நீங்கள் பழக்கியது போலவே நானும் பழக்கினேன். கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படியேறி, மாடியில் மாட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னால். முதல் வாரம் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நான் நொண்டுவதைப் பார்த்து, விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள், "பாவம், மனசு ஒடஞ்சு நடையே தளந்துபோச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொப்புளம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதும் பொய்யில்லையே. இதை உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தவித்த தவிப்பு இருக்கிறதே, அது கொப்புளத்தைவிட வலித்தது. மெதுமெதுவாகத் தோல் இளகியது. முதுகுப் பையில் அரிசியைக் கட்டி வைத்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தேன்.

கயலிடம் நான் போனில் இதையெல்லாம் சொல்லவில்லை. வந்தவள் படிக்கட்டு ஓரத்தில் பூட்ஸைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"நாலு நாளு போன்கூட எடுக்காத எடத்துக்கு நீ எதுக்கும்மா போகணும்? ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அப்பாவும் இல்ல, நீயும் இல்லைன்னா நான் எங்கன போவேன்?"

உங்கள் உயிர் மலையில் போகவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனது என்று சொல்லலாம். பிள்ளையிடம் அப்படிப் பேச வாய் வருமா? நேற்றுத் திதி முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, முருகேசன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் வரலண்ணே. அவ பயப்படுறதும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். பூட்ஸுக்கு மெழுகு தடவி, அட்டைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

இன்றைக்கு விடியுமுன்னே வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தேன். மலைக்குத்தான் போகப் போவதில்லை, கடைசியாக ஒருமுறை நடந்துவிட்டு வைத்துவிடலாம் என்று மாடிக்கு எடுத்துப் போனேன். பனி இறங்கியிருந்தது. மலை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. கயல் கீழே படுத்திருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை, திரும்பித் தொட்டிவரை நடந்துகொண்டிருந்தேன்.

படியில் தடதடவென்று சத்தம். தலைவிரி கோலமாகக் கயல் ஓடி வந்தாள். "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடிக்க வெகுநேரமானது அவளுக்கு.

"தூக்கத்துல அப்பான்னே நெனச்சுட்டேன்மா. 'இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விடுப்பா'ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்பறந்தான்..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே குனிந்து, தளர்ந்திருந்த என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, கணுக்கால் பக்கத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி இறுக்கி முடிந்தாள். நீங்கள் முடிகிற முடிச்சு. அதை எப்போது பார்த்து வைத்தாள் இவள்?

பிறகு எழுந்து, "நீ நடம்மா" என்றாள். "நான் கீழ போயிப் படுத்துக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் நட."

நடந்தேன். அவள் அறைக்கு நேர் மேலே, ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் அழுத்தியே வைத்து நடந்தேன். மலைமேல் வெயில் விழுந்து, தெருவில் பால்காரர் மணி அடித்த பிறகும் நடந்தேன். கீழே இறங்கி வந்தபோது கயல் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா மாமா, அம்மா வர்றாக. நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போங்க. பத்தரமாக் கூட்டிட்டு வந்துருங்க" என்று முருகேசன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாளைக்குக் கிளம்புகிறேன். நீங்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிற பாறை எது என்று அண்ணனுக்குத் தெரியுமாம். அங்கே கொஞ்ச நேரம் நானும் உட்காருவேன். மழை பெய்தால், நனைந்த பூட்ஸை எந்த ஏலக்காய் ஸ்டோர் பக்கமும் கொண்டுபோக மாட்டேன், பயப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், உங்கள் பூட்ஸுக்குள் இருக்கிற பேப்பரை எடுத்து என் பூட்ஸுக்குள் திணித்து நிழலில் வைப்பேன். இனி அதை எடுக்க எனக்கு மனசு வரும் என்று நினைக்கிறேன்.

காய்ந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வேன். கயல் லீவு முடிந்து போகிறவரை மட்டுமில்லை, அவள் எப்போது இந்த வீட்டுக்கு வந்து படுத்தாலும், விடியற்காலையில் அவள் தலைக்கு மேலே நடை சத்தம் கேட்கும். என் காலில் தெம்பு இருக்கிறவரை அதை நிற்க விட மாட்டேன்.

மலை இறங்கி வந்து மாடியில் நடக்கப் போகிற,
உங்கள் வீட்டுக்காரி,
கயலின் அம்மா.